ஓட்டும் முன் ஒருமுறை: குனு ரேடியோ ஃப்ளோகிராஃபில் பிளாக் இணைப்புகளைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

குனு ரேடியோ என்பது ரேடியோ சிக்னலைக் கணினியில் கையாளும் மென்பொருள். அதன் வரைபட எடிட்டரான கம்பானியனில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிளாக் வைத்து அம்புக்குறிகளால் இணைத்தால் கிடைப்பதுதான் ஃப்ளோகிராஃப். அதை வரைந்து முடித்ததும் திரையில் எங்கும் பிழையைக் காட்டும் சிவப்பு இல்லை என்றால், உடனே ஓட்டிவிடலாம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கம்பானியன் பார்ப்பது தரவின் வகை, அதன் அளவு, காலியாக விட்ட போர்ட் (இணைப்பு சேரும் முனை), கணக்கிட முடியாத மதிப்பு ஆகியவற்றைத்தான். ஒரு பிளாக்கிலிருந்து நொடிக்கு எத்தனை சாம்பிள் (சிக்னலை அளந்த ஒவ்வொரு எண்) வெளியே வருகிறது, அடுத்த பிளாக் எத்தனையை எதிர்பார்க்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. குழாயின் மரை பொருந்துகிறதா என்று பார்க்கும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காது. அந்தக் கணக்கை நாம்தான் தாளில் போட வேண்டும்.

சேலத்தில் இதைப் பழகுகிறவர்கள் பலர் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) எடுத்துக்கொண்டு ஏற்காடு போகிறார்கள். காரணம் நல்லதுதான். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. லேடீஸ் சீட் பக்கம் நின்றால் ஊர் முழுக்க நேர்ப்பார்வையில் இருக்கும். வீட்டு மாடியில் பிடிக்காத நிலையங்கள் அங்கே பிடிக்கும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு, எந்த அம்புக்குறி தப்பு என்று தேடி லேப்டாப் சார்ஜைத் தீர்ப்பது வீண். கீழே வரும் சோதனை அத்தனையையும் முதல் நாளே வீட்டில், டாங்கிளைச் செருகாமலே முடித்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சாதாரண பண்பலை ரிசீவரை வைத்துக்கொள்வோம். டாங்கிளிலிருந்து சிக்னலைத் தரும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் சோர்ஸ், வேண்டாத அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர், சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிமாடுலேட்டரான டபிள்யூபிஎஃப்எம் ரிசீவ், ஒலி அளவுக்கு ஒரு மல்டிப்ளை கான்ஸ்ட், கடைசியில் ஒலியை வெளியிடும் ஆடியோ சிங்க். சோர்ஸிலிருந்து ஒரு கிளை பிரிந்து, அலைமாலையைப் படமாகக் காட்டும் ஃப்ரீக்வென்சி சிங்குக்குப் போகிறது. ஆறு பிளாக், ஐந்து இணைப்பு.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு தாள், பென்சில், குனு ரேடியோ 3.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஃப்ளோகிராஃப் கோப்பின் ஒரு நகல். சோதிக்கும்போது எதையாவது அழித்துப் பார்க்கத் தோன்றும். நகலில் செய்தால் பயமில்லாமல் செய்யலாம்.

டாங்கிளைக் கழற்றி வையுங்கள். செருகியிருந்தால் ஓட்டிப் பார்க்கக் கை போகும். ஓட ஆரம்பித்த பிறகு வரும் பிழைகளில் இணைப்புப் பிழை எது, யுஎஸ்பி பிழை எது, டிரைவர் பிழை எது என்று பிரிப்பது கடினம்.

உங்களிடம் இருப்பது ஒலிபரப்பவும் கூடிய கருவி என்றால் முதல் வேலையே வேறு. ஒலிபரப்பும் சிங்க் பிளாக்கைத் தேர்ந்து டி (D) விசையை அழுத்தி முடக்குங்கள். அந்த இடத்தில், வருவதை எங்கும் அனுப்பாமல் விட்டுவிடும் ஒரு நல் சிங்க் (Null Sink) வையுங்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. உரிமம் இருப்பவர்களும், எந்த அலைவரிசையில் எவ்வளவு அகலத்தில் சிக்னல் போகும் என்று தெரியாத ஃப்ளோகிராஃபை ஆன்டெனாவோடு ஓட்டக் கூடாது.

2. திரையை ஒழுங்கு செய்யுங்கள்

பிளாக்குகளை இடமிருந்து வலமாக, சிக்னல் போகும் வரிசையிலேயே நகர்த்தி வையுங்கள். இது அழகுக்காக அல்ல. ஒரு பிளாக் இன்னொன்றின் மேல் ஏறி நின்றால் அதன் அடியில் போகும் அம்புக்குறி கண்ணுக்குத் தெரியாது. தப்பான இணைப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் வியூ மெனுவைத் திறந்து, முடக்கிய பிளாக்குகளை மறைக்கும் தேர்வு போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மாறிகளை மறைக்கும் தேர்வையும் எடுங்கள். வேறொருவரிடமிருந்து வாங்கிய கோப்பில் முடக்கிய பிளாக்குகள் நிறைய இருக்கும். அவை மறைந்திருந்தால், இணைப்பு ஏன் நடுவில் அறுந்து நிற்கிறது என்றே புரியாது.

விர்ச்சுவல் சோர்ஸ், விர்ச்சுவல் சிங்க் பயன்படுத்தியிருந்தால் இரண்டின் ஸ்ட்ரீம் ஐடி ஒன்றேதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அங்கே அம்புக்குறி இல்லை. அந்தப் பெயர்தான் இணைப்பு.

3. சிவப்பைத் தீர்க்கும் வரிசை

பெயர் சிவப்பாக இருக்கும் பிளாக்குகளும் சிவப்பு அம்புக்குறிகளும் ஒரே நேரத்தில் இருந்தால் முதலில் பிளாக்கைச் சரி செய்யுங்கள், அம்புக்குறியை அல்ல. ஒரு பிளாக்கின் மதிப்பு கணக்கிடப்படாவிட்டால், அதைச் சார்ந்த போர்ட் எண்ணிக்கையும் வெக்டர் நீளமும் (ஒன்றாகச் சேர்ந்து போகும் எண்களின் எண்ணிக்கை) தடுமாறும். அதனால் நல்ல இணைப்பும் சிவப்பாகத் தெரியும். புதியவர்கள் அந்த நல்ல இணைப்பை அழித்துவிட்டு வேறு எங்கோ இழுத்துவிடுகிறார்கள். ஒரு பிழை இரண்டாகிவிடும்.

கருவிப்பட்டையில் பிழைகளைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தப் பிளாக்கில் என்ன பிழை என்று வரிசையாக வரும். மேலிருந்து ஒவ்வொன்றாகத் தீர்த்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஒன்றைத் தீர்த்தால் நான்கு காணாமல் போவது சாதாரணம்.

அடிக்கடி வருவது இந்தப் பிழை: டெசிமேஷன் (சாம்பிள் எண்ணிக்கையை எத்தனையால் வகுத்துக் குறைப்பது) கட்டத்தில் 960000/240000 என்று எழுதியிருப்பார்கள். விடை 4 தானே என்று தோன்றும். பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் 4.0 என்ற தசம எண்ணைத் தருகிறது. டெசிமேஷனுக்கு முழு எண் வேண்டும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள், அல்லது முழு எண்ணாக மாற்றும் இன்ட் செயற்கூற்றுக்குள் வையுங்கள். 3.7 காலத்துக் கோப்புகளைப் புதிய பதிப்பில் திறக்கும்போது இது கட்டாயம் எட்டிப் பார்க்கும்.

4. நிறம் பார்த்து வகையைச் சரிபார்த்தல்

ஹெல்ப் மெனுவில் டைப்ஸ் என்பதைத் திறந்தால் எந்த நிறம் எந்த வகை என்று காட்டும். அன்றாடம் வேண்டியவை சில: நீலம் காம்ப்ளெக்ஸ் (மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் கொண்ட எண்), ஆரஞ்சு ஃப்ளோட் (தசம எண்), நீலப்பச்சை 32 பிட் முழு எண், மஞ்சள் 16 பிட், ஊதா 8 பிட், சாம்பல் மெசேஜ். அதே நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தால் அது வெக்டர்.

நம் எடுத்துக்காட்டில் சோர்ஸிலிருந்து டபிள்யூபிஎஃப்எம் ரிசீவின் இன்புட் வரை நீலம். அதன் அவுட்புட்டிலிருந்து ஆடியோ சிங்க் வரை ஆரஞ்சு. நிறம் மாறும் இடம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் டிமாடுலேட்டருக்குள். வேறெங்காவது மாறினால் அங்கே தப்பு இருக்கிறது.

மல்டிப்ளை கான்ஸ்டில்தான் எல்லோரும் தடுக்குகிறார்கள். அதைப் புதிதாக இழுத்து வைத்தால் காம்ப்ளெக்ஸாக வரும். இரண்டு பக்கமும் ஆரஞ்சாக இருக்கும் இடத்தில் நீலப் பிளாக் உட்கார்ந்தால் இரண்டு அம்புக்குறியும் சிவக்கும். உடனே சிலர் நடுவில் காம்ப்ளெக்ஸ் டு ரியல் போன்ற மாற்றிப் பிளாக்குகளைச் செருகத் தொடங்குகிறார்கள். அது தேவையே இல்லை. பிளாக்கைத் தேர்ந்து மேல் அல்லது கீழ் அம்பு விசையை அழுத்துங்கள். வகை ஒவ்வொன்றாக மாறும். ஆரஞ்சு வந்ததும் நிறுத்துங்கள். மாற்றிப் பிளாக் என்பது சிக்னலின் பொருளையே மாற்ற வேண்டிய இடத்துக்கு மட்டும்.

5. போர்ட் எண்ணும் எண்ணிக்கையும்

போர்ட் எண் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. ஓர் அவுட்புட்டிலிருந்து எத்தனை கிளை வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆனால் ஓர் இன்புட்டுக்கு ஒரே ஓர் இணைப்புதான். இரண்டு சிக்னலைச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஆட் பிளாக் வேண்டும். மெசேஜ் போர்ட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பலர் ஒன்றுக்கு அனுப்பலாம், யாரும் அனுப்பாமலும் விடலாம்.

ஃப்ளோட் டு காம்ப்ளெக்ஸ் பிளாக்கில் மேலே இருப்பது மெய்ப்பகுதி, கீழே இருப்பது கற்பனைப் பகுதி. இரண்டையும் மாற்றிச் செருகினால் எந்தச் சிவப்பும் வராது, ஃப்ளோகிராஃபும் ஓடும். அலைமாலை மட்டும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறிவிடும். நிலையம் மையத்துக்கு வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் தெரியும். இதைத் திரையில் கண்டுபிடிக்க நேரமாகும். அம்புக்குறியை விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தால் உடனே தெரியும்.

6. சாம்பிள் ரேட் கணக்கு

சோதனையின் உயிரே இந்தப் பகுதிதான். அவசரப்படாதீர்கள்.

தாளில் ஐந்து அம்புக்குறிகளையும் வரையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் நொடிக்கு எத்தனை சாம்பிள் என்று எழுதுங்கள். பிளாக்கின் உள்ளே தட்டச்சு செய்திருக்கும் எண்ணைப் பார்த்து எழுதக் கூடாது. முந்தைய அம்புக்குறியின் எண்ணை, பிளாக் செய்யும் வேலையால் வகுத்தோ பெருக்கியோ எழுத வேண்டும். சோர்ஸ் 9,60,000. ஃபில்டரின் டெசிமேஷன் 4, ஆகவே வெளியே 2,40,000. டபிள்யூபிஎஃப்எம் ரிசீவின் ஆடியோ டெசிமேஷன் 5, ஆகவே 48,000. மல்டிப்ளை கான்ஸ்ட் எண்ணிக்கையை மாற்றாது. ஆடியோ சிங்கில் 48,000 இருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு பிளாக்கையும் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணை அம்புக்குறியின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சோர்ஸ்: புதிய ஃப்ளோகிராஃபைத் திறந்ததும் தானாக வரும் சாம்ப்_ரேட் மாறியின் மதிப்பு 32,000. அதை மாற்ற மறந்துவிட்டால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் அந்த வேகத்தை ஏற்காது. அந்த டாங்கிளுக்கு ஆகும் வீதங்கள் இரண்டு துண்டாக இருக்கின்றன: சுமார் 2,25,000 முதல் 3,00,000 வரை, பிறகு 9,00,000-க்கு மேல் 32,00,000 வரை. மேல் எல்லைவரை போனால் சாம்பிள்கள் விட்டுப்போகும். 24,00,000 வரை நம்பலாம். பழைய லேப்டாப்புக்கு 9,60,000 போதும். 4, 5 என்று வகுத்ததும் நேராக 48,000-இல் வந்து நிற்பதால்தான் இந்த எண்ணை எப்போதும் சொல்கிறேன்.

லோ பாஸ் ஃபில்டர்: டெசிமேஷன் செய்யும் வகையில், இதற்குள் தர வேண்டிய சாம்பிள் ரேட் உள்ளே வரும் வீதம், வெளியே போகும் வீதம் அல்ல. இங்கே 2,40,000 என்று எழுதினால் பிழை எதுவும் காட்டாது. ஆனால் நீங்கள் கேட்ட 1,00,000 ஹெர்ட்ஸ் வெட்டு உண்மையில் 4,00,000 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். நான்கால் வகுக்கும்போது பக்கத்து நிலையங்கள் மடிந்து வந்து உங்கள் நிலையத்தின் மேலேயே விழும். வீட்டில் ஒன்றிரண்டு நிலையம் மட்டும் பிடிக்கும்போது இது தெரியாமலே போகலாம். மலை மேல், நெருக்க நெருக்கமாக நிலையங்கள் வரும் இடத்தில் கலவைச் சத்தமாகக் கேட்கும்.

அதே பிளாக்கில் டிரான்சிஷன் விட்த்தையும் (வெட்டு முழுமையாக எடுத்துக்கொள்ளும் அகலம்) பாருங்கள். 20,000 என்று தர வேண்டிய இடத்தில் 200 என்று விழுந்துவிட்டால், ஃபில்டருக்குச் சுமார் 115 டேப்புக்குப் (ஒவ்வொரு சாம்பிளுக்கும் போட வேண்டிய பெருக்கல்) பதில் 11,000-க்கும் மேல் தேவைப்படும். லேப்டாப்பின் விசிறி கத்தத் தொடங்கும்.

டபிள்யூபிஎஃப்எம் ரிசீவ்: குவாட்ரச்சர் ரேட் என்பது இதற்குள் வரும் வீதம், அதாவது 2,40,000. பழக்கத்தில் சாம்ப்_ரேட் என்று போட்டுவிடுகிறார்கள். அது 9,60,000 ஆகிவிடும். டிமாடுலேட்டரின் பெருக்கம் இந்த எண்ணைப் பொறுத்தது என்பதால் வெளியே வரும் அளவு நான்கு மடங்கு ஏறி, ஆடியோ சிங்க் ஏற்கும் -1 முதல் +1 என்ற எல்லையைத் தாண்டிக் கரகரக்கும்.

ஆடியோ சிங்க்: "அண்ணா, சிவப்பே இல்லையே, அப்புறம் ஏன் பாட்டு இழுக்குது?" என்று கேட்ட ஒரு மாணவரின் ஃப்ளோகிராஃபில் ஆடியோ டெசிமேஷன் 5-க்குப் பதில் 4 இருந்தது. 60,000 சாம்பிள் வருகிறது, சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மட்டும் எடுக்கிறது. குரல் கனத்து இழுக்கும், நடுநடுவே துண்டுகள் விட்டுப்போகும். 6 என்று போட்டால் நேரெதிர்: 40,000 தான் வரும், குரல் கீச்சென்று ஏறி, விட்டு விட்டுக் கேட்கும். ஆக, காதால் கேட்டே எந்தப் பக்கம் தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் தாளில் எழுதியிருந்தால் அந்த நிலைக்கே போக வேண்டாம்.

ஃப்ரீக்வென்சி சிங்க்: இதில் தரும் பேண்ட்விட்த் வெறும் அச்சு எண்களுக்கானது. தப்பாகத் தந்தாலும் படம் அப்படியே வரும், எண்கள் மட்டும் பொய் சொல்லும்.

வகுத்தால் சரியாக வராத வீதங்களுக்கு ரேஷனல் ரீசாம்ப்ளர் இருக்கிறது. 44,100-ஐ 48,000 ஆக்க 160-ஆல் பெருக்கி 147-ஆல் வகுக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் தலைகீழாகப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். தாளில் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

கணக்கு முடிந்ததும், தட்டச்சு செய்த எண்களை மாறிகளாக மாற்றிவிடுங்கள். சாம்ப்_ரேட், அதை நான்கால் வகுத்த குவாட்_ரேட், ஆடியோ_ரேட் என்று மூன்று போதும். நாளைக்கு சோர்ஸ் வீதத்தை மாற்றினால் மற்றவை தாமாக மாறும்.

7. பிரிந்து மீண்டும் சேரும் கிளைகள்

ஒரு சிக்னலை இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக ஏதோ செய்து, ஆட் அல்லது மல்டிப்ளை பிளாக்கில் திரும்பச் சேர்க்கும் அமைப்பு இருந்தால் இரண்டு கிளையும் ஒரே வீதத்தில் வந்து சேர வேண்டும். ஒரு கிளையில் மட்டும் நான்கால் வகுத்திருந்தால் ஃப்ளோகிராஃப் ஓட ஆரம்பித்துச் சில கணங்களில் அப்படியே உறைந்து நிற்கும்.

காரணம் எளிது. ஆட் பிளாக் ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒவ்வொரு சாம்பிளாக எடுக்கிறது. வகுக்காத கிளையில் நான்கு வரும்போது ஒன்றுதான் செலவாகிறது. மீதி பஃபரில் (பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள தற்காலிகச் சேமிப்பிடம்) தேங்கி, பஃபர் நிரம்பும். நிரம்பியதும் சோர்ஸ் புதிதாக எதையும் எழுத முடியாது. சோர்ஸ் நின்றால் இன்னொரு கிளைக்குச் சாம்பிள் வராது. ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது. படம் நகராது, அவ்வளவுதான்.

பின்னோக்கிச் செல்லும் அம்புக்குறி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ரீம் இணைப்பில் சுற்று இருக்கக் கூடாது. வரையும்போது எச்சரிக்கை வராமல் போகலாம். ஓட்டும்போது ஃப்ளோகிராஃபில் லூப் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடும். மெசேஜ் இணைப்பில் சுற்று இருக்கலாம்.

8. வேகத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள்

டாங்கிளும் இல்லை, ஆடியோவும் இல்லை, வெறும் சிக்னல் சோர்ஸும் வரைபடமும் என்றால் ஒரு த்ராட்டில் பிளாக் வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் தன்னால் முடிந்த வேகத்துக்கெல்லாம் ஓடி, சிபியு முழுவதையும் தின்றுவிடும்.

டாங்கிள் இருந்தால் த்ராட்டில் கூடாது. டாங்கிளின் கடிகாரமே வேகத்தை முடிவு செய்கிறது. கணினியின் கடிகாரத்தை வைத்து இன்னொரு தடை போட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் சாம்பிள்கள் விட்டுப்போகும். கோப்பிலிருந்து வாசித்துப் பழகிய ஃப்ளோகிராஃபில் சோர்ஸை மட்டும் டாங்கிளுக்கு மாற்றும்போது, நடுவில் நிற்கும் த்ராட்டிலை யாரும் கவனிப்பதில்லை. தேடி எடுத்துவிடுங்கள்.

9. உருவான நிரலில் இணைப்புகளைப் படியுங்கள்

எஃப்5 அழுத்தினால் ஃப்ளோகிராஃப் ஓடாது. பைத்தான் கோப்பு மட்டும் உருவாகும். அதை எடிட்டரில் திறந்து கனெக்ட் என்று தொடங்கும் வரிகளுக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பிளாக்கின் எத்தனையாவது அவுட்புட் எந்தப் பிளாக்கின் எத்தனையாவது இன்புட்டுக்குப் போகிறது என்று இருக்கும். நம் எடுத்துக்காட்டில் ஐந்து வரி இருக்க வேண்டும். நான்கோ ஆறோ இருந்தால் நில்லுங்கள்.

திரையைவிட இதை நம்பலாம். முடக்கிய பிளாக்குகள் இங்கே வராது. விர்ச்சுவல் சோர்ஸ், சிங்க் எல்லாம் கழன்று, உண்மையான இரு முனைகளும் நேராகத் தெரியும். ஓடப்போவது இந்த வரிகள்தான்.

ஃப்ளோகிராஃப் கோப்பையே டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் இணைப்புப் பட்டியல் இருக்கும். அதில் முடக்கிய பிளாக்குகளின் இணைப்பும் சேர்ந்திருக்கும் என்பதால் எண்ணிக்கை கூடலாம். நண்பரின் கோப்புக்கும் உங்களுடையதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட அது உதவும்.

10. டாங்கிள் இல்லாமல் ஒரு முன்னோட்டம்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் சோர்ஸை முடக்குங்கள். டபிள்யூபிஎஃப்எம் ரிசீவ் முதல் ஆடியோ சிங்க் வரை உள்ள எல்லாவற்றையும் முடக்குங்கள். சோர்ஸ் இருந்த இடத்தில் காம்ப்ளெக்ஸ் வகை சிக்னல் சோர்ஸ் ஒன்று, அதிர்வெண் 50,000. அடுத்து த்ராட்டில், வீதம் 9,60,000. ஃபில்டருக்குப் பிறகும் ஒரு ஃப்ரீக்வென்சி சிங்க் சேர்த்து, அதன் பேண்ட்விட்த்தை 2,40,000 என்று வையுங்கள். எஃப்6 அழுத்துங்கள்.

இரண்டு படத்திலும் சிகரம் 50 கிலோஹெர்ட்ஸிலேயே நிற்க வேண்டும். இரண்டாவதில் 200-இல் நின்றால், அங்கே பேண்ட்விட்த்தை இன்னும் 9,60,000 என்றே விட்டிருக்கிறீர்கள். வேறெங்காவது நின்றால் டெசிமேஷனைப் பாருங்கள். தாளில் போட்ட கணக்கு கண்ணுக்கு முன்னால் உறுதியாவது இங்கேதான், அதனால் இதை விட்டுவிட வேண்டாம்.

சரியாக வந்தால் சிக்னல் சோர்ஸையும் த்ராட்டிலையும் முடக்கி, மற்றவற்றை இ (E) விசையால் உயிர்ப்பித்து, டாங்கிளைச் செருகி ஓட்டுங்கள். கீழே உள்ள கன்சோலில் ஓர் எழுத்து வரிசை வரலாம். "ஏயூ" (aU) என்று எப்போதாவது ஒன்று வந்தால் கவலை இல்லை. டாங்கிளின் கடிகாரமும் சவுண்ட் கார்டின் கடிகாரமும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகாது. அதுவே இடைவிடாமல் வந்தால் ஆடியோவுக்குச் சாம்பிள் பற்றவில்லை என்று பொருள். 6-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். "ஓ" (O) என்று தொடர்ந்து வந்தால் லேப்டாப்பால் டாங்கிளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முதலில் ஃபில்டரின் டிரான்சிஷன் விட்த்தைப் பாருங்கள், பிறகு நடுவில் த்ராட்டில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.